எக்ஸ்டென்ஷன்: எதன் விரிவாக்கம்?

‘எக்ஸ்டென்ஷன்’ என்றதும் நினைவுக்கு வருவது இடத்துக்கு இடம் மாறும். வீட்டில் அது, பிளக் பாயின்ட் எட்டாதபோது இழுத்துப் போடும் பெட்டி. ஆபீஸில் தொலைபேசியின் உள்ளிணைப்பு எண். அரசு ஊழியருக்கு, ஓய்வு வயதுக்குப் பிறகும் கிடைக்கும் பணி நீட்டிப்பு. சென்னை முகவரியில், அண்ணா நகர் மேற்கைத் தாண்டி வளர்ந்த குடியிருப்பு. இந்த நான்கும் உதவாத இடம் ஒன்று உண்டு: அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளாட்சிப் பிரிவான ‘கவுண்டி’யின் அரசு அலுவலகம். அங்கே ‘எக்ஸ்டென்ஷன்’ என்று ஒரு பிரிவு இருக்கும். ஒரு மேசையில் மண் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு விவசாயியோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த மேசையில், கன்றுக்குட்டி வளர்க்கும் பள்ளிப் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். சில கவுண்டிகளில் இந்தப் பிரிவையும் குப்பை மறுசுழற்சியையும் இளையோர் திட்டங்களையும் கவுண்டி மன்றத்தின் ஒரே குழு பார்த்துக்கொள்கிறது. இந்தப் பிரிவையும் குழுவையும் தமிழில் எப்படி எழுதுவது?

தமிழில் இதை ‘வேளாண் விரிவாக்கம்’ என்கிறோம். சொல்லில் குறையில்லை. ஆனால் சாலை விரிவாக்கம், விமான நிலைய விரிவாக்கம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, வேளாண்மையை எதற்காக விரிக்கிறார்கள், சாகுபடிப் பரப்பைக் கூட்டுகிறார்களா என்றுதான் தோன்றும். ‘விரிவாக்கம்’ என்றாலே நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறவரும் உண்டு. உண்மையில் இங்கே விரிவது வேளாண்மை அல்ல, பல்கலைக்கழகம்.

சொல்லின் வேர் லத்தீன். ‘டெண்டெரெ’ என்றால் இழுத்தல், நீட்டல். முன்னால் ‘எக்ஸ்’ சேர்ந்தால் வெளியே நீட்டுதல். பொதுச் சொல்லாக இருந்த இதைக் கல்விக்கு உரியதாக்கியது இங்கிலாந்து. 1867 வாக்கில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர், கல்லூரிக்குள் அனுமதிக்கப்படாத பெண்களுக்காக வட இங்கிலாந்து நகரங்களுக்குப் போய்ப் பாடம் நடத்தினார். குரூ நகர ரயில்வே தொழிலாளர்களுக்கும் நடத்தினார். 1873இல் கேம்பிரிட்ஜ் அதைத் தன் சொந்த வேலையாகவே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பெயர் ‘யூனிவர்சிட்டி எக்ஸ்டென்ஷன்’. பல்கலைக்கழகம் தன் மதிலுக்கு வெளியே போய் உரை நிகழ்த்துவது என்று பொருள். அந்த உரைக்குத் தமிழில் ‘விரிவுரை’ என்றே பெயர் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் நல்ல தற்செயல்.

அமெரிக்காவுக்குப் போனதும் சொல் வயலில் இறங்கியது. 1862இல் வந்த மொரில் சட்டம் மாநிலங்களுக்குக் கூட்டாட்சி நிலத்தைக் கொடுத்தது. அதை விற்று வந்த பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுந்தன. அவற்றை ‘நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள்’ எனலாம். 1887இல் ஹாட்ச் சட்டம் அவற்றோடு ஆராய்ச்சி நிலையங்களைச் சேர்த்தது. ஆராய்ச்சி நடந்தது, அறிக்கைகளும் அச்சாயின. விவசாயி மட்டும் அசையவில்லை. கோட்டு போட்டவர் எழுதிய தாளை நம்பி ஒரு பருவத்தைப் பணயம் வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

அந்த நம்பிக்கையின்மைக்கு வழி கண்டவர் சீமன் நாப் என்ற அமெரிக்க வேளாண் வல்லுநர். மெக்சிகோவிலிருந்து வந்த காய்க் கூன்வண்டு டெக்சாஸ் பருத்தியைத் தின்றுகொண்டிருந்த நேரம். 1903இல் டெரல் என்ற ஊரில் வால்டர் போர்ட்டர் என்பவரின் நிலத்தில் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். அரசுப் பண்ணை கிடையாது, அரசுச் செலவும் கிடையாது. போர்ட்டர் தன் நிலத்தில் தானே உழுது, நாப் சொன்னபடி பயிர் செய்ய வேண்டும். நஷ்டம் வந்தால் ஊர் வணிகர்கள் ஈடுகட்டுவார்கள். ஈடு கட்டத் தேவையே வரவில்லை, லாபம்தான் வந்தது. அக்கம்பக்கத்தார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: அதிகாரி சொன்னால் நம்பாதவர், பக்கத்து நிலத்துக்காரர் செய்துகாட்டினால் நம்புவார். நம்மூர் வேளாண் துறையில் ‘செயல்விளக்கத் திடல்’ என்று பலகை நடுகிறார்களே, அந்த முறையின் மூதாதை இந்த டெக்சாஸ் வயல்.

செய்துகாட்ட ஆள் வேண்டும். ஒருவரே பத்து ஊருக்குப் போக முடியாது என்பதால் 1906இல் டெக்சாஸின் ஸ்மித் கவுண்டி தனக்கென்றே ஒருவரை வைத்துக்கொண்டது. அவர்தான் முதல் ‘கவுண்டி ஏஜெண்ட்’ என்று எண்ணப்படுகிறார். அதே ஆண்டு அலபாமாவின் டஸ்கீகியில் இருந்த கறுப்பினத்தவர் கல்லூரியின் வேளாண் அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் தோழர்களும் ஒரு வண்டியில் கலப்பை, விதை, பால் கடையும் கருவிகள் எல்லாவற்றையும் ஏற்றிக் கறுப்பின விவசாயிகளின் ஊர்களுக்கு அனுப்பினார்கள். வண்டியோடு போன தாமஸ் கேம்பல் முதல் கறுப்பின ஏஜெண்ட் ஆனார். 1911இல் நியூயார்க் மாநிலத்தின் புரூம் கவுண்டியில் வணிகர் சங்கமே பணம் போட்டு ஓர் ஏஜெண்டை அமர்த்தியது. 1912இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒனைடா கவுண்டிக்கு ஏஜெண்டாக வந்த எர்னஸ்ட் லூதர் மோட்டார்சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சுற்றினார்.

இந்த ‘ஏஜெண்ட்’டை ‘முகவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் எல்.ஐ.சி. ஏஜெண்டைத்தான் நினைப்பார். இவர் எதையும் விற்பவர் அல்ல. ‘கவுண்டி வேளாண் அலுவலர்’ என்பது பொருந்தும்.

இப்படி அங்கங்கே முளைத்ததை 1914 மே 8 அன்று கையெழுத்தான ஸ்மித்–லீவர் சட்டம் ஒரே அமைப்பாக்கியது. சட்டம் வைத்த பெயர் ‘கோவாப்பரேட்டிவ் எக்ஸ்டென்ஷன்’. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ‘கூட்டுறவு விரிவாக்கம்’ என்று மொழிபெயர்த்தால் நமக்குக் கண்முன் நிற்பது கூட்டுறவுச் சங்கம், உரக்கடை, பயிர்க்கடன், சங்கச் செயலாளர். அந்த அர்த்தமே இங்கே இல்லை. கூட்டாட்சி அரசு ஒரு பங்கு, மாநிலம் ஒரு பங்கு, கவுண்டி ஒரு பங்கு என்று மூவர் சேர்ந்து செலவு செய்வதால் அந்த அடைமொழி. ‘கூட்டு விரிவாக்கப் பணி’ என்றால் போதும். சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் முதலில் 10,000 டாலர் கொடுத்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் மாநிலமும் சமபங்கு போட வேண்டும் என்றது. பணம் எந்தக் கல்லூரிக்கு என்பதை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது. தென்மாநிலங்கள் அதை வெள்ளையர் கல்லூரிகளுக்கே கொடுத்தன. வண்டி கட்டி அனுப்பிய டஸ்கீகி போன்றவை ஓரத்தில் நின்றன. சட்டத்தின் பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப்போவதுண்டு.

பணம் போடுகிறவர் கணக்குக் கேட்பார். கவுண்டியின் குழு நுழைவது அப்படித்தான். விஸ்கான்சினை எடுத்துக்கொள்வோம். அங்கே 72 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். மன்றம் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடுகிறது. அலுவலக இடம், ஊழியர் சம்பளத்தில் ஒரு பகுதி ஆகியவை கவுண்டியின் தலையில். அறிவும் பயிற்சியும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. வேளாண் விரிவாக்கக் கல்விக் குழு பட்ஜெட்டைப் பார்க்கும், இந்த ஆண்டு பால் பண்ணைக்கு ஆள் வேண்டுமா தோட்டக்கலைக்கு வேண்டுமா என்று பேசும், நடந்த வேலைக்கு அறிக்கை கேட்கும். எந்த விதை நல்லது என்று சொல்வது குழுவின் வேலை இல்லை.

அந்த மன்ற உறுப்பினருக்கு அங்கே ‘சூப்பர்வைசர்’ என்று பெயர். ‘மேற்பார்வையாளர்’ என்று அப்படியே போட்டால், மில்லில் ஷிப்டு பார்க்கிறவர் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இவரோ ஓட்டு வாங்கி வந்தவர். ஆகவே ‘கவுண்டி மன்ற உறுப்பினர்’. ‘மேற்பார்வை’யைக் குழு செய்யும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ‘கண்காணிப்பு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. இன்றைக்கு அந்தச் சொல்லில் கேமரா வாடையும் போலீஸ் வாடையும் அடிக்கிறது. போதாததற்கு, தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் ஆள் பிடித்துவந்து வேலை வாங்கிய ‘கங்காணி’யும் அதே வேர்தான்.

கவுண்டியை ‘மாவட்டம்’ எனலாமா? செய்தித்தாளில் அப்படித்தான் போடுகிறார்கள், அவசரத்துக்குச் சரி. கவுண்டி என்பது பிரெஞ்சு வழி வந்த சொல், ‘கவுண்ட்’ எனும் பிரபுவின் ஆளுகைப் பகுதி. நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின், ஏற்கெனவே இருந்த ‘ஷைர்’ என்ற பிரிவுக்கு அந்தப் பெயர் ஏறியது. அமெரிக்காவில் பிரபு போய்விட்டார், பெயர் தங்கிவிட்டது. நம் மாவட்டத்துக்கு ஆட்சியரை மேலிருந்து நியமிக்கிறார்கள். கவுண்டிக்கு ஆள் கீழிருந்து வருகிறார். இன்னொரு சிக்கல், கவுண்டிக்குள்ளேயே உறுப்பினர் தேர்தலுக்கு ‘டிஸ்ட்ரிக்ட்’கள் இருக்கின்றன. கவுண்டியை மாவட்டமாக்கினால் அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது? ‘கவுண்டி’ என்றே விட்டு, உள்ளே இருப்பவற்றைத் ‘தொகுதி’ என்பது குழப்பமில்லாத வழி. கென்யாவிலும் 47 கவுண்டிகள் உண்டு. 2010 அரசியலமைப்பின்படி வேளாண்மையும் குப்பை அகற்றுதலும் அவற்றின் பொறுப்பு. அங்கேயும் இதே சொற்சிக்கல் வரும்.

சரி, பிள்ளைகள் இந்தக் கதைக்குள் எப்படி வந்தார்கள்? அப்பா கேட்காததை மகன் கேட்டான் என்பதுதான் சுருக்கமான பதில். 1902இல் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் மாணவர்களைக் கூட்டிச் சங்கம் தொடங்கினார். தெற்கே சிறுவர்களுக்கு மக்காச்சோளச் சங்கங்கள் வந்தன. 1910இல் தென் கரோலினாவின் எய்க்கனில் மேரி குரோமர் என்ற ஆசிரியை சிறுமிகளுக்குத் தக்காளிச் சங்கம் ஆரம்பித்தார். ஆளுக்குப் பத்து சென்ட் நிலம். விளைந்ததைப் பதப்படுத்தி டப்பாவில் அடைத்து விற்று, வந்த காசைத் தானே வைத்துக்கொள்ளலாம். மகனின் துண்டு நிலத்தில் தன் வயலைவிடக் கதிர் பெருத்திருப்பதைப் பார்த்த அப்பா, விதையைப் பற்றி மெதுவாக விசாரிக்கத் தொடங்கினார். வேளாண் அறிவு வீட்டுக்குள் பிள்ளைகள் வழியாகப் புகுந்தது. அதுதான் பின்னாளில் ‘ஃபோர் ஹெச்’ ஆனது: தலை, நெஞ்சு, கை, உடல்நலம் என்ற நான்குக்கும் ஆங்கிலத்தில் ஒரே முதலெழுத்து. சின்னம் நாலிதழ் குளோவர் இலை.

ஆகவே அந்த ‘யூத் புரோகிராம்’ மாவு உருண்டையில் ஒட்டவைத்த வேறு மாவு இல்லை, அதே மாவுதான். ஆனால் ‘இளைஞர் திட்டம்’ என்ற மொழிபெயர்ப்பு ஆளை மாற்றிவிடுகிறது. தமிழில் இளைஞர் என்றால் வேலை தேடும் வயது, அல்லது கட்சியின் இளைஞரணி, அதுவும் நாற்பது வயதில். ஃபோர் ஹெச் பிள்ளைகள் பள்ளிக்கூட வயதுக்காரர்கள். ஈழத்தமிழர் வழக்கில் புழங்கும் ‘இளையோர்’ இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆண்பால் வாடையும் அதில் இல்லை.

மறுசுழற்சிக்கு இவ்வளவு ஆழமான வேர் கிடையாது. ‘ரீசைக்கிள்’ 1920களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பிறந்த தொழில்நுட்பச் சொல். குப்பைக்கு வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. விஸ்கான்சினில் 1990இல் மறுசுழற்சிச் சட்டம் வந்தது. கவுண்டி, நகரம், கிராமம் என ஏதாவது ஓர் உள்ளாட்சி ‘பொறுப்பு அலகாக’ இருந்து நடத்த வேண்டும் என்று அது சொன்னது. 1993 முதல் தோட்டக் கழிவையும், 1995 முதல் அலுமினியம், கண்ணாடி, காகிதம் போன்றவற்றையும் குப்பை மேட்டில் கொட்டத் தடை வந்தது. புல்லையும் இலையையும் என்ன செய்வது என்று வீட்டுக்காரருக்கு யாராவது கற்றுத்தர வேண்டும். மக்கு உரம் போடத் தெரிந்தவர்கள் எக்ஸ்டென்ஷனில் இருந்தார்கள். சிறிய கவுண்டியில் குழுக்களைக் குறைக்கும்போது இவை ஒன்றாகிவிடுவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் ‘மறுசுழற்சி’, இலங்கையில் ‘மீள்சுழற்சி’; இரண்டும் நிலைத்துவிட்ட சொற்கள்.

மறுபடி ‘விரிவாக்கம்’. நம்மிடம் அந்தச் சொல் வந்த வழியும் அமெரிக்காவோடு தொடர்புடையதுதான். 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம், அடுத்த ஆண்டே தேசிய விரிவாக்கப் பணி என்று இந்தியா தொடங்கியபோது அமெரிக்க முன்மாதிரி கண்முன் இருந்தது. 1971இல் கோவையில் வந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் அச்சில் வார்த்ததே. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், அதே பல்கலைக்கழகத்தின்கீழ் தொடங்கியது. ஆனால் அன்றாடம் விவசாயி போய் நிற்பது வட்டாரத்தில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில், அது வேளாண் துறையின் கையில். விதையும் மானியமும் கிடைக்கும் இடம் என்பதால் பலருக்கு அது ‘அக்ரி ஆபீஸ்’. இப்படி இங்கே அந்தச் சொல்லில் துறை ஏறி, பல்கலைக்கழகம் இறங்கிவிட்டது. இலங்கைத் தமிழில் ‘விரிவாக்கல்’. அதைச் செய்பவர் ‘விவசாயப் போதனாசிரியர்’. செய்யும் வேலையை அந்தப் பெயர் நம்முடைய ‘உதவி வேளாண்மை அலுவலர்’ என்பதைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

எல்லா மொழிகளும் ஆங்கிலத்தின் பின்னால் போகவில்லை. ஜெர்மானியர் ‘ஆலோசனை’ என்கிறார்கள். டச்சுச் சொல்லின் பொருள், முன்னால் விளக்குப் பிடித்தல். இந்தோனேசியச் சொல்லின் வேர் தீப்பந்தம். நாமும் ‘வேளாண் அறிவுப் பணி’ என்று ஒன்று கட்டியிருக்கலாம், ஆனால் அறுபது, எழுபது ஆண்டுகளாகப் பலகையிலும் பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்ட சொல்லை இனிமேல் இறக்குவது வீண்வேலை. தமிழில் ‘நீட்டு’ ஒரு திசையில் போகும், ‘விரி’ எல்லாப் பக்கமும் போகும். அதனால் பணி நீட்டிப்பு, கல்வி விரிவாக்கம் என்று நாம் பிரித்துக்கொண்டது ஆங்கிலத்தைவிடத் துல்லியம்தான்.

அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்ப்பவர் முதல் முறை மட்டும் ‘பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கப் பணி’ என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் ‘விரிவாக்கப் பணி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் பார்த்த குழுவுக்குப் பெயர் ‘வேளாண் விரிவாக்கம், மறுசுழற்சி, இளையோர் திட்டங்களுக்கான கவுண்டி மன்றக் குழு’. நீளம்தான், ஆங்கிலப் பெயரும் ஒன்றும் குட்டையில்லை.