துய்விட்டில்: அதைக் "கம்பளி அந்துப்பூச்சி" ஆக்காதீர்கள்

ஆங்கிலத்தில் ஃபிளானல் மாத் எனப்படும் விட்டில்களைத் தமிழில் "கம்பளி அந்துப்பூச்சி" என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. ஒருவர் எழுதினார், அடுத்தவர் எடுத்துக்கொண்டார், இப்போது அதுவே கலைச்சொல் போல நடமாடுகிறது. அந்தப் பெயரில் உள்ள இரண்டு சொற்களும் பிழை.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபிளானல் என்பது மெல்லிய கம்பளித்துணி. வேல்ஸ் மொழியில் கம்பளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். குடும்பத்தின் அறிவியல் பெயர் மெகலோபைஜிடே. கிரேக்கத்தில் "பெருத்த பின்புறம்" என்று பொருள். இக்குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது, பெரும்பகுதி வெப்பமண்டலத்தில். அதில் அதிகம் பேசப்படாத ஓர் இனம் மெகலோபைஜி லனாட்டா. 1780இல் டச்சுப் பூச்சியியலாளர் ஸ்டோல் விவரித்தது. லனாட்டா என்றால் லத்தீனில் "கம்பளி போர்த்த" என்று பொருள்.

அப்படியானால் கம்பளி சரிதானே என்பார்கள். சரியில்லை. லத்தீன்காரருக்கு அந்தச் சொல் எதை நினைவூட்டியது என்பதா முக்கியம்? தமிழ் வாசகர் மனத்தில் என்ன எழுகிறது என்பதுதான் முக்கியம். நமக்குக் கம்பளிப்பூச்சி என்றால் மயிர் அடர்ந்த எந்தப் புழுவும்தான். முருங்கை மரத்தில் அப்பிக்கிடக்கும் புழுவும் கம்பளிப்பூச்சியே. அதற்கும் மெகலோபைஜிடேக்கும் குடும்பத் தொடர்பே இல்லை.

அந்து அதைவிடத் தெளிவான சொல். அது நெல்லில் விழுவது. அந்து விழுந்த நெல் என்றால் உழவர் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். சேமித்த தானியத்தைத் தின்னும் ஒரு சிறு பூச்சிக்கு உரிய பெயரை உலகத்து விட்டில்களுக்கெல்லாம் பொதுவாக்கியது பாடநூல் தமிழ். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: நெல்லைத் தின்பது நெல் அந்து என்றால், கம்பளி அந்து எதைத் தின்னும்? கம்பளியைத்தான். அப்படித் தின்னும் பூச்சியும் உண்மையிலேயே இருக்கிறது, பெட்டியில் மடித்துவைத்த கம்பளி உடையை அரிக்கும் விட்டில். அதன் பெயரைப் பறித்து, இலை தின்று வளர்ந்து, விட்டிலானபின் எதுவுமே உண்ணாத வேறொன்றுக்குச் சூட்டியிருக்கிறோம்.

மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள், பூச்சியைப் பார்ப்பதில்லை. அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்று அறிவியல் தமிழ் முழுவதையும் பிடித்திருக்கும் நோய்.

என் பரிந்துரை துய்விட்டில். துய் என்பது மென்மையான பஞ்சிழை. நற்றிணையில் குரங்கு "துய்த்தலை மந்தி" ஆகிறது. அகநானூற்றில் ஈங்கைப் பூவும் துய்த்தலைப் பூ. உடலிலும் சிறகிலும் மென்மயிர் படிந்த இந்தப் பூச்சியைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா? விட்டில் என்பது வெட்டுக்கிளியையும் குறிக்குமே என்று சிலர் தடுக்கிறார்கள். அகராதியில் குறிக்கும், பேச்சில் விளக்கில் விழுவதே விட்டில்.

புழுவுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. ஈழத்தில் மயிர்க்கொட்டி என்கிறார்கள். மயிரும் உண்டு, கொட்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இந்தப் புழுவுக்கு அந்த எச்சரிக்கை மிகவும் தேவை. தடவிப் பார்க்கத் தோன்றும் மென்மயிருக்கு அடியில்தான் நச்சுமுட்கள் ஒளிந்திருக்கின்றன. லனாட்டாவின் மெகலோபைஜி பேரினத்தையே சேர்ந்த ஓபர்குலாரிஸ் புழுவின் நஞ்சை ஆராய்ந்தவர்கள், பாக்டீரியாக்களிடமிருந்து மரபணு வழியே வந்த, செல்சவ்வில் துளையிடும் புரதங்கள் அதில் இருப்பதாக 2023இல் வெளியிட்டார்கள். பிரேசிலில் லனாட்டாவின் புழுவுக்கு "லகார்த்தா தி ஃபோகு", அதாவது நெருப்புப் புழு, என்றே பெயர். அங்குள்ளவர்கள் துணியை நினைக்கவில்லை, பட்ட எரிச்சலை நினைத்தார்கள். தமிழ்நாட்டில் மயிர் என்ற நல்ல சொல்லை வசையாக்கிவிட்டதால் மயிர்க்கொட்டி என்று எழுதக் கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை.

லனாட்டாவுக்குத் தனி அடைமொழி வேண்டுமென்றால் முந்திரித் துய்விட்டில் எனலாம். அதன் புழு வேறு மரங்களையும் தின்னும் என்றாலும், முந்திரியின் தாயகமான பிரேசிலில் முந்திரித் தோப்புகளின் இலையை மொட்டையடிக்கும் பூச்சியாகவே அது அறியப்படுகிறது.