காற்றாலை எப்படி மின்சாரம் எடுக்கிறது?

காற்று வந்து இறக்கையைத் தள்ளுகிறது, அது சுற்றுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் வெறும் தள்ளலாக இருந்தால் இறக்கையால் காற்றைவிட வேகமாக ஓட முடியாது. 60 மீட்டர் நீள இறக்கை நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றினால், அதன் நுனி நொடிக்குச் சுமார் 75 மீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர். அப்போது வீசும் காற்றோ மணிக்கு 36 கிலோமீட்டர்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கையில் சோம்பலாகச் சுற்றுவது போலத் தெரிவதை நம்பாதீர்கள்.

இந்த வேகம் தூக்குவிசையால் வருகிறது. இறக்கையின் குறுக்குவெட்டு விமானச் சிறகைப் போலத்தான் இருக்கும். காற்று அதைத் தழுவி வளைந்து போகும்போது ஒரு பக்கம் அழுத்தம் குறைகிறது, இறக்கை அந்தப் பக்கமாக இழுபடுகிறது. கிட்டத்தில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: இறக்கை அடியிலிருந்து நுனி வரை மெல்ல முறுக்கிக்கொண்டே போகும். நுனி வேகமாகவும் அடிப்பகுதி மெதுவாகவும் நகர்வதால் ஒவ்வொரு இடத்திலும் காற்று வந்து படும் கோணம் வேறு, அதற்கேற்ற முறுக்கு அது.

சரி, சுற்றியாயிற்று. மின்சாரம்? அது 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதிதான்: செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் கம்பியில் மின்னழுத்தம் உண்டாகும். நிமிடத்துக்கு 12 சுற்று என்பது சாதாரண ஜெனரேட்டருக்குப் போதாது, அதனால் நடுவில் கியர்பாக்ஸ் வைத்து 1,000, 1,500 சுற்று என்று ஏற்றுகிறார்கள். கியர்பாக்ஸே இல்லாத வகையும் உண்டு. அதில் பெரிய வளையம் முழுக்கக் காந்தங்களை அடுக்கி, மெதுவான சுற்றிலேயே வேலையை முடித்துவிடுவார்கள். அப்புறம் மின்னணுக் கருவிகள் மின்னோட்டத்தின் அலைவெண்ணை மின்கட்டமைப்புக்கு ஏற்றபடி சரிசெய்ய, டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை உயர்த்தி வெளியே அனுப்பும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காற்றின் கணக்கு. அதே 60 மீட்டர் இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் பரப்பு சுமார் 11,300 சதுர மீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அந்த வட்டத்துக்கு நேரே வருவது நொடிக்கு ஏறக்குறைய 138 டன் காற்று! அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 6.9 மெகாவாட். வேகம் பாதியானால் ஆற்றலும் பாதியாகும் என்று நினைக்க வேண்டாம், எட்டில் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. காற்றாலைக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் அவ்வளவு பாடுபடுவது இதனால்தான்.

அந்த 6.9 மெகாவாட்டையும் அப்படியே எடுக்க முடியாது. எடுத்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் அசையாமல் நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919இல் கணக்கிட்டுக் காட்டினார். நல்ல காற்றாலைகள் 45 சதவீதம் வரை எட்டுகின்றன. அந்த எல்லையை வைத்துப் பார்த்தால் இது பெரிய சாதனை என்பேன்.

வேகம் நொடிக்கு 3, 4 மீட்டர் வந்தால்தான் உற்பத்தி தொடங்கும். 12 மீட்டர் வாக்கில் ஜெனரேட்டர் தன் முழுத் திறனை எட்டிவிடும், அதற்கு மேல் வரும் காற்றை இறக்கைகள் தங்கள் அச்சில் திரும்பி நழுவ விடுகின்றன. 25 மீட்டரைத் தொட்டால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். இப்படிப் பலமான காற்று எப்போதாவதுதான் வரும், அதையும் பிடிக்கப் பெரிய ஜெனரேட்டர் வைப்பது வீண்செலவு. நீளமான இறக்கை அப்படி இல்லை: நீளத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், மெல்லிய காற்று வீசும் நாட்களிலும் கூடுதல் மின்சாரம் கிடைக்கும்.