ஐரிஷ் பேசும் இயந்திரம் யாருடைய ஐரிஷைப் பேசுகிறது?

அயர்லாந்தின் டப்ளினில் எங்கள் பக்கத்து வீடு ஒரு தமிழ்க் குடும்பம். மகள் மூன்றாம் வகுப்பு. இங்கே பள்ளியில் ஐரிஷ் படித்தாக வேண்டும். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அதனால் பாடத்தைப் போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் படிக்கிறாள். ஒருநாள் நானும் கேட்டேன். இரவு வணக்கத்துக்கு ஐரிஷில் சொல்வது ஏறக்குறைய 'ஈஹ வா'. போனில் இருந்த ஆங்கிலக் குரல் அதை 'ஓயிச் மெய்த்' என்றது. குழந்தையும் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

பேச்சுத் தொழில்நுட்பம் என் தொழில். எனக்கு அன்று மனசு கேட்கவில்லை.

ஐரிஷ் ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. ஆனால் அதன் எழுத்து விதிகளே வேறு. ஏறக்குறைய ஒவ்வொரு மெய்க்கும் 'அகன்றது', 'ஒடுங்கியது' என இரண்டு ஒலிகள் உண்டு. பசுவுக்கும் 'உயிரோடு' என்பதற்கும் உள்ள சொற்கள் தமிழில் எழுதினால் இரண்டுமே 'போ' மாதிரிதான் இருக்கும். ஐரிஷ் காதுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றில் நாக்கின் பின்பகுதி உயர்கிறது, மற்றதில் நடுநாக்கு மேலண்ணத்தை நோக்கி எழுகிறது. இந்த வேறுபாடு போய்விட்டால் சொல்லே மாறிவிடும்.

அப்புறம் சொல்லின் முதல் எழுத்தே மாறும் வழக்கம். படகு 'பாத்'. 'அ வாத்' என்றால் அவனுடைய படகு, 'அ பாத்' என்றால் அவளுடைய படகு, 'அ மாத்' என்றால் அவர்களுடைய படகு. முன்னால் வரும் 'அ' மூன்றிலும் ஒன்றுதான். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் அந்த ஒரு மெய்யைத் தவறாகக் கேட்டால் படகு கைமாறிவிடும்.

சரி, நிறையக் குரல்களைப் பதிவு செய்து இயந்திரத்துக்குக் கொடுத்தால் போதாதா? நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். தன்னார்வலர்களின் பதிவுகள் எத்தனை மணி நேரம் சேர்ந்தன என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பழகிய இயந்திரக் குரலை, வடமேற்கு அயர்லாந்தின் டொனெகாலில் ஐரிஷ் பேசி வளர்ந்த ஒரு பெரியவருக்குப் போட்டுக் காட்டினோம். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது என்றார். ஆனால் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டவர் பேசுவதுபோல் இருக்கிறது, அகன்றதும் ஒடுங்கியதும் ஒன்றாகிவிட்டன என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

காரணம் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர்தான். யார் வேண்டுமானாலும் பேசி அனுப்பலாம் என்று கதவைத் திறந்தால், பெரும்பாலும் கற்றுக்கொண்டவர்களின் குரல்தான் வந்து குவியும். அவர்கள் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பேச்சும் இயந்திரத்துக்குப் புரியத்தான் வேண்டும். ஆனால் இயந்திரம் பேசிக் காட்டும்போது, குழந்தைக்கு அது ஆசிரியர் ஆகிவிடுகிறது. அந்தக் குரல் தாய்மொழியாகப் பேசுகிறவரிடமிருந்து வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதிலும் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி உண்டு. எழுத்துக்கு 1958 முதல் அரசின் பொதுத்தரம் இருக்கிறது, உச்சரிப்புக்கு அப்படி ஒன்று கிடையாது. 'எப்படி இருக்கிறீர்கள்' என்பதையே அல்ஸ்டர், கானக்ட், மன்ஸ்டர் என்ற மூன்று வட்டாரங்களிலும் வேறு வேறு சொற்களில் கேட்பார்கள். அதனால் டிரினிட்டி கல்லூரியின் ஒலியியல் ஆய்வகம் நடத்தும் 'அபர்' திட்டத்தை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். 'அபர்' என்றால் 'சொல்லு' என்று பொருள். முறையே அந்த மூன்று வட்டாரங்களில் இருக்கும் க்வீடோர், கானமரா, டிங்கிள் தீபகற்பம் ஆகிய பகுதிகளின் பேச்சுக்கும் தனித்தனிக் குரல்கள் செய்திருக்கிறார்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானிலும் அவற்றை இயக்க வழி செய்திருக்கிறார்கள். ஆங்கிலக் குரல் குதறிப்போடும் ஐரிஷ் பாடத்தைக் காதால் மட்டுமே படிக்க வேண்டிய ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள், இதன் அருமை தெரியும்.

அயர்லாந்தில் இருக்கும் பெற்றோர்கள் போனில் ஐரிஷ் பாடத்தை வாசிக்க விடுவதற்கு முன், அது எந்த மொழிக் குரல் என்று அமைப்புகளில் பாருங்கள். ஆங்கிலக் குரல் என்றால் நிறுத்திவிடுங்கள். வகுப்பில் எந்த வட்டாரத்து ஐரிஷ் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு, அதே வட்டாரக் குரலைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஆசிரியை கானமராக்காரர். இப்போது அவள் கேட்பது கானமராக் குரலை. 'ஓயிச் மெய்த்' நாக்கிலிருந்து போக மூன்று வாரம் ஆனது.