பழகாத பூனையின் மூளையில் என்ன மாறுகிறது?

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பிறந்து, மனிதர் கை படாமலேயே வளர்ந்துவிட்ட பெண்பூனை ஒன்றைக் கருத்தடை அறுவைக்குப் பிறகு அவர் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனையும் ஒரு நாட்டு நாயும் இருக்கின்றன. புதிதாக வந்தது கட்டிலடியை விட்டு வெளியே வருவதில்லை. கையை நீட்டினால் சீறுகிறது. இது எப்போதாவது பழகுமா, பழகுமென்றால் அதன் மூளைக்குள் என்ன மாறுகிறது என்பது அவருடைய கேள்வி. முதல் பாதிக்கு விடை ‘பெரும்பாலும் ஓரளவுக்குப் பழகும்’ என்பதுதான். இரண்டாம் பாதிக்கான விடை, மூளையியல் கண்டறிந்தவற்றுள் மிக அழகானது என்று நான் கருதும் ஒன்றைத் தொடுகிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை என்பதை 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் புதைகுழிக்கு அருகிலேயே புதைக்கப்பட்டிருந்த, சுமார் 9,500 ஆண்டுகள் பழமையான பூனையின் எலும்புக்கூடு 2004-இல் அறிவிக்கப்பட்டது. உறவு இவ்வளவு பழமையானதாக இருந்தும், மனிதரை நம்புவது பூனைக்குப் பிறப்பிலேயே வந்துவிடுவதில்லை. ஒவ்வொரு குட்டியும் அதைப் புதிதாகக் கற்கிறது. அப்படிக் கற்பதற்கு உகந்த காலம் ஏறத்தாழ இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை என்பதை 1980-களில் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள் நிறுவின. அந்த வாரங்களில் நாளுக்கு 40 நிமிடம் கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகள், 15 நிமிடம் மட்டும் பழக்கியவற்றைவிட மனிதரை எளிதாக அணுகின. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. நட்பான தந்தைக்குப் பிறந்த குட்டிகள், தந்தையை ஒருமுறைகூடப் பார்த்திராதபோதும், புதியவற்றைத் துணிவுடன் அணுகுகின்றன என்று சாண்ட்ரா மெக்கியூனின் 1995-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

வாசகரின் பூனைக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. அதன் மூளையில் மனிதரின் உருவம், குரல், காலடியோசை ஆகிய மூன்றும் அபாயத்தின் அறிகுறிகளாகப் பதிந்துவிட்டன. அந்தப் பதிவு இருக்கும் இடம் அமிக்டலா எனப்படும், பாதாம் பருப்பின் அளவும் வடிவமும் கொண்ட நரம்புத் தொகுதி என்பது பள்ளிப் பாடத்திலேயே வரும் செய்தி. பாடநூல்கள் சொல்லாமல் விடுவது, அந்த அச்சம் ஏன் தானாகக் கரைவதில்லை என்பதைத்தான். ஆள் நெருங்குகிறார், பூனை சீறுகிறது, ஆள் பின்வாங்குகிறார். தான் சீறியதால்தான் உயிர் பிழைத்தோம் என்று பூனையின் மூளை கணக்கிட்டுக்கொள்கிறது. ஓடி ஒளிவதும் அப்படியே. ஒளிந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் துன்பம் எதுவும் நேர்வதில்லை. ஆனால் ஒளியாமல் இருந்திருந்தாலும் துன்பம் நேர்ந்திருக்காது என்பதை அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே மாடியில் சோறு வைத்தாலும் சில பூனைகள் அருகில் வராததற்கு இதுவே காரணம்.

பலவந்தமாகப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டால் பயம் தெளிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்போது பூனை அசையாமல் இருப்பது உண்மைதான். ஆனால் அது தப்பிக்க வழியில்லாத விலங்கின் உறைநிலை. அதன் விரிந்த கண்மணிகளையும் படிந்த காதுகளையும் பார்த்தாலே அது அமைதியாக இல்லை என்பது தெரியும்.

அச்சத்தைத் தணிக்கும் சரியான வழியை முதன்முதலில் ஆவணப்படுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். ஏறத்தாழ மூன்று வயதான பீட்டர் என்ற சிறுவன் முயலைக் கண்டு நடுங்கினான். அவன் தனக்குப் பிடித்ததை உண்டுகொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலை அவனைக் கலங்கவைக்காத தொலைவில் ஜோன்ஸ் வைத்தார். பிறகு அதைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். இறுதியில் பீட்டர் முயலை மடியிலேயே வைத்துக்கொண்டான். 1924-இல் வெளியான இந்தப் பதிவின் அடிப்படையில்தான் இன்றும் பூனைகளைப் பழக்குகிறோம்.

அப்படியானால் பீட்டரின் பழைய அச்சம் அழிந்துவிட்டதா? நெடுங்காலம் பலர் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் இவான் பாவ்லோவின் ஆய்வகத்திலேயே அதற்கு எதிரான சான்று கிடைத்திருந்தது. மணியடித்தால் உணவு வரும் என்று பழகிய நாய்க்கு மணியடித்தும் உணவு தராமல் இருந்து, அதன் உமிழ்நீர் சுரப்பதை நிறுத்திய பிறகு, சற்று இடைவெளி விட்டு மீண்டும் மணியை அடித்தால் உமிழ்நீர் மறுபடி சுரந்தது. முன்பு கற்றது அழியவில்லை, அடங்கியிருந்தது என்பதே இதன் பொருள். அதை அடக்குவது எது என்பதற்கான தெளிவான விடைகளுள் ஒன்று 2002-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது. முகமது மிலாதும் கிரெகரி குவெர்க்கும் எலிகளுக்கு ஓர் ஒலியையும் அதோடு சிறு மின்னதிர்ச்சியையும் கொடுத்து அச்சத்தை ஊட்டினார்கள்; பிறகு அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து அந்த அச்சத்தைத் தணித்தார்கள். மறுநாள் அதே ஒலியைக் கேட்டபோது, மூளையின் முன்பகுதியான முன்நெற்றிப் புறணியின் ஒரு சிறு பகுதியிலுள்ள நரம்பணுக்கள் சுறுசுறுப்பாகத் துடித்தன. எந்த எலியில் அவை அதிகம் துடித்தனவோ, அந்த எலி அச்சத்தில் உறைவது குறைவாக இருந்தது. இன்னும் வியப்பானது அடுத்த கட்டம்: தணிவுப் பயிற்சியே பெறாத எலிகளில் அதே பகுதியை ஒலியோடு சேர்த்து மின்னூட்டித் தூண்டியபோது, அவையும் குறைவாகவே அஞ்சின.

இதை நான் எத்தனை முறை வாசித்தாலும் மகிழ்ச்சி குறைவதில்லை. அச்சம் தணிவது மறதியால் நிகழ்வதில்லை. அது ஒரு புதிய கல்வி. ‘இந்த ஒலி அபாயம்’ என்ற பழைய நினைவு அமிக்டலாவில் அப்படியே இருக்க, ‘இப்போது, இங்கே, அபாயமில்லை’ என்ற இரண்டாவது நினைவு மூளையின் வேறோர் இடத்தில் வளர்ந்து முதல் நினைவின் குரலை அடக்குகிறது. ஒற்றையடிப் பாதை இருந்த காட்டில் புதிதாக வேறொரு பாதை போடுவதைப் போன்றது இது. புதிய பாதையில் நடக்க நடக்கத்தான் பழையது புதர் மூடும், ஆனாலும் அது இருந்த இடத்தில்தான் இருக்கும்.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பூட்டன் பல்லாண்டுகள் ஆய்ந்து காட்டியது இதைவிடவும் நுட்பமானது. அச்சத்தின் நினைவு எங்கும் செல்லுபடியாகும். தணிவின் நினைவோ அது கற்கப்பட்ட சூழலோடு கட்டுண்டது. ஓர் அறையில் அச்சம் தணிந்த விலங்கை வேறோர் அறைக்குக் கொண்டுசென்றால் அச்சம் திரும்பிவிடுகிறது. படுக்கையறையில் மடியேறத் தொடங்கிய பூனை, கூடத்தில் அதே மனிதரைக் கண்டதும் தெறித்து ஓடுவது ஏன் என்று குழம்புகிறவர்களுக்கு இதுவே விடை. பூனை நன்றி கெட்டதும் இல்லை, நீங்கள் தவறு செய்ததாகவும் ஆகாது. ஒவ்வொரு அறையிலும், முடிந்தால் வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும், அந்தப் பாடம் தனித்தனியே கற்கப்பட்டாக வேண்டும். பொறுமை தேவைப்படுவது மூளையின் இந்த அமைப்பினால்தான்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்பாகக் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பூனையாலும் வெறிநோய் பரவும். பூனைக்கு முதலில் ஒரு சிறிய அறை போதும். அதில் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும். காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் மறைவிடப் பெட்டி கிடைத்தவற்றின் மன அழுத்தம் விரைவில் குறைந்ததாக நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு 2014-இல் கண்டது. நீங்கள் எவ்வளவு தள்ளி அமர்ந்தால் பூனை உண்கிறதோ, அதுவே உங்கள் தொடக்கத் தொலைவு. நீங்கள் இருக்கும்போது அது உண்ண மறுத்தால் இன்னும் விலகி அமருங்கள். ஒரு நாள் முழுவதும் எதையுமே உண்ணாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள், ஏனெனில் சில நாட்கள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரல் பழுதுபடக்கூடும்.

பலரும் கவனிக்காதது வரிசை. முதலில் மனிதர் தோன்ற வேண்டும், அதன் பிறகு மீன் துண்டு வர வேண்டும். வரிசை மாறினால், மீன் வாசம் மனிதர் வரப்போவதன் முன்னறிவிப்பாகிவிடும். அப்போது மனிதர் மீதான அச்சம் குறைவதற்கு மாறாக உணவின் மீதே ஐயம் தோன்றும். சீறுவதற்கு முன்பே எழுந்து சென்றுவிடுவதும் முக்கியம். அமைதியாக இருந்தபோது ஆள் விலகினார் என்பதைப் பூனை கற்றுக்கொள்ளும். நேராக உற்றுப் பார்க்காமல், கண்களைப் பாதி மூடி மெல்ல இமைத்தால், அதன் பிறகு நீட்டப்படும் அந்நியரின் கையைப் பூனைகள் அணுகும் வாய்ப்பு கூடுகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020-இல் காட்டியது.

வீட்டின் மற்ற விலங்குகளோடு பழக்குவதற்கும் இதே நெறிதான். அங்கே முதல் மொழி மணம். பூனைகள் கூட்டாக வாழும்போது ஒன்றன்மீது ஒன்று உரசி, தம் கன்னச் சுரப்பிகளின் மணத்தைக் கலந்து, ஒரு பொதுவான மணத்தை உருவாக்கிக்கொள்கின்றன. அது இல்லாதது அந்நியம். ஆகவே முகம் காட்டும் முன் மணத்தை அறிமுகம் செய்யுங்கள். பழைய பூனையின் கன்னத்தில் தடவிய துணியைப் புதியதன் உணவுக்கு அருகிலும், புதியது படுத்த துணியைப் பழையதன் அருகிலும் வையுங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் இரண்டுக்கும் உணவிடுங்கள். அதன்பின் வலைக்கதவு வழியே சிறிது நேரம் பார்க்கவிடலாம். நாயைக் கயிற்றில் பிடித்து, புதிய பூனையின் மீது அதன் பார்வை பதியும் ஒவ்வொரு முறையும் அதன் கவனத்தை உங்கள் பக்கம் திருப்புங்கள். நாயின் நிலைத்த பார்வை பூனைக்கு வேட்டையின் தொடக்கமாகவே படும். பூனை தாவி ஏறிக்கொள்ள உயரமான ஒரு பரண் எப்போதும் இருக்க வேண்டும். கிளியோ குருவியோ வளர்ப்பவர்கள் இந்த முயற்சியில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. வேட்டையாடும் ஊக்கம் அச்சத்தோடு தொடர்பில்லாத வேறொரு பொறி, அதை இந்த வழியில் தணிக்க முடியாது.

தணிந்த அச்சத்தை ஒரே ஒரு கெட்ட அனுபவம் மீண்டும் எழுப்பிவிடும் என்பதும் ஆய்வகங்களில் உறுதிப்பட்ட உண்மை. பூனை குறுக்கே போனால் போகும் காரியம் கெடும் என்று நம்பி, தெருவில் அதன்மீது கல்லெறிகிறவரை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அவருடைய பயணம் பூனையால் கெடுவதில்லை. பல மாதங்கள் யாரோ ஒருவர் அந்த உயிரிடம் சேர்த்த நம்பிக்கைதான் அந்த ஒரு கல்லால் கெடுகிறது. நம் தெருக்களின் விலங்குகள் பற்றிய ஆய்வுக்கு நிதி ஒதுக்குவதைச் சிலர் ஆடம்பரம் என்கிறார்கள். கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனக் குழுவொன்று பல ஆண்டுகளாகத் தெருநாய்களின் நடத்தையை ஆராய்ந்து உலகத்தின் கவனத்தைப் பெற்றிருக்கிறது. நம் மாடிகளிலும் மீன் சந்தைகளிலும் வாழும் பூனைகளுக்கும் அப்படிப்பட்ட நீண்டகால ஆய்வு வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாசகருக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளி நெருங்கும் வாரங்களில் புதிய அறிமுகம் எதையும் தொடங்காதீர்கள். வெடிச்சத்தம் நாய், மனிதர், கூடம் என்று அந்த நேரத்தில் எதிரே இருக்கும் எதனோடும் ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் பூனையை அதன் முதல் அறைக்கே திருப்பி, சன்னல்களை மூடி, பெட்டியை அதே மூலையில் வைத்துவிடுங்கள். பண்டிகை முடிந்த பிறகு அது பழையபடி ஒளிந்தால், மணம், மூடிய கதவு, வலைக்கதவு என்று முதலிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவது நினைவு ஏற்கெனவே அங்கே இருப்பதால், இம்முறை பெரும்பாலும் முன்பு ஆனதைவிடக் குறைந்த காலமே ஆகும்.