"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால் எதைக் குறைப்பது?

மணப்பெண் அலங்காரத்துக்கு எவ்வளவு என்று போனில் கேட்டால், நம் தொழிலில் பலர் முதலில் திருப்பிக் கேட்பது "எந்த மண்டபம்?" பதில் அம்பத்தூர் என்றால் ஒரு தொகை, ஈசிஆர் என்றால் இன்னொரு தொகை. எதிராளியின் வசதியைப் பார்த்துச் சொல்லும் விலை, அவர் முகம் சுளித்ததும் இறங்கிவிடும். விலை நம் கணக்கிலிருந்து வர வேண்டும்.

ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து 12,000 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். புடவை கட்டி ஜடை வைக்க வரும் உதவியாளருக்கு 2,500. ஃபவுண்டேஷன், ஒட்டு இமை, ஸ்பிரே, பின் என்று தீர்ந்துபோகிற பொருட்களுக்கு 2,000. முகூர்த்தம் 4.30 - 6 என்றால் பெண் 2 மணிக்கே நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் மின்சார ரயில் கிடையாது, மெட்ரோவும் 5 மணிக்குத்தான். கால் டாக்ஸிக்கு 1,500. கையில் நிற்பது 6,000.

இனி நேரம். டிரையல் 2 மணி, ரிசப்ஷன் 3, முகூர்த்தம் 3, போக வர 4, பெட்டி அடுக்கி பிரஷ் கழுவ 2, போன் பேச்சுக்கு 1. மொத்தம் 15 மணி நேரம். மணிக்கு 400 ரூபாய். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை, புரட்டாசியில் பல வீடுகளில் தவிர்ப்பார்கள். அந்த மாத வாடகையும் இந்த 400-க்குள்தான்.

இப்போது "ரெண்டாயிரம் குறைச்சுக்கோங்கம்மா" என்கிறார்கள். அவர்களுக்கு அது ஆறில் ஒரு பங்கு. டாக்ஸிக்காரரும் உதவியாளரும் குறைக்கப் போவதில்லை என்பதால் நமக்கோ கூலியில் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பெண்களை ஒப்புக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. முதல் முகத்தில் பட்ட பிரஷ் கழுவாமலே அடுத்த முகத்துக்குப் போகும். மஸ்காரா குச்சியை ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும், திறந்த மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அவசரத்தில் இரண்டும் மறந்துபோகும். கண் சிவந்தால் போவது நம் பெயர்.

விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "பத்தாயிரத்துக்குப் பண்ணலாங்க்கா, டிரையல் வராது, ரிசப்ஷனுக்கு ஜடை அலங்காரம் இருக்காது" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் பழைய தொகைக்கே திரும்பி வருவார்கள். ஆனால் மேக்கப் பொருள் ஒத்துக்கொள்கிறதா என்று காதுக்குப் பின்னால் தடவி 24 மணி நேரம் பார்க்கும் பேட்ச் டெஸ்டை மட்டும் எந்த விலையிலும் விடக் கூடாது.

இலவசமாகக் கேட்கப்படுவதில் முதலிடம் "அம்மாவுக்கும் சித்திக்கும் லேசா ஒரு டச்சப்". லேசு என்பது ஆளுக்கு 20 நிமிடம். வெளியே சாஸ்திரிகள் "பொண்ண அழைச்சுண்டு வாங்கோ" என்று குரல் கொடுக்கும்போது, பெண்ணுக்கு மடிசார் பாதியில் நிற்கும். வந்த இடத்தில் முடியாது என்று சொன்னால் மனக்கசப்பு. அட்வான்ஸ் வாங்கும் அன்றே "கூடுதல் ஆளுக்கு இவ்வளவு, முந்தின வாரம் சொல்லணும்" என்று வாட்ஸப்பில் எழுதிவிட்டால் யாருக்கும் கோபம் வராது. தேதி, மண்டபம், பெண் உட்கார வேண்டிய நேரம், பூவும் நகை செட்டும் யார் பொறுப்பு, தேதி மாறினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதெல்லாம் அதே செய்தியில் இருக்கட்டும். பூ விஷயத்தை வாய்ப்பேச்சில் விட வேண்டாம். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கே போய் நிற்கும் என்று கோயம்பேட்டிலேயே சொல்ல மாட்டார்கள்.

பாக்கிப் பணத்தை ரிசப்ஷன் மேக்கப் முடிந்ததும் வாங்கிவிடுங்கள். தாலி கட்டி முடிந்த பிறகு பெண்ணின் அப்பாவைச் சுற்றி சமையல்காரர், நாதஸ்வரக்காரர், மண்டப மேனேஜர் எல்லோரும் நிற்பார்கள். அந்த வரிசையில் கடைசி ஆள் நாம்தான்.

சொந்தக்காரப் பெண்ணுக்குச் செய்கிறீர்களா? முழு விலையில் பில் போட்டு, கீழே "அன்பளிப்பு" என்று கழித்துக் காட்டுங்கள். அவர் சிபாரிசில் வருகிறவர் அந்தக் கழிவைத் தனக்கும் கேட்க மாட்டார். விலை ஏற்றுவதாக இருந்தால் தை பிறக்கும் முன்பே ஏற்றிவிடுங்கள், சீசன் நடுவில் வேண்டாம். ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான்.