பழைய டீசல் படகு வாங்கும்போது ஃபில்டரை ஏன் முதலில் பார்க்க வேண்டும்?

பழைய டீசல் க்ரூசர் படகு வாங்கப் போகிறவர்கள் நேராக இன்ஜினிடம்தான் போவார்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, புகை என்ன நிறம், ஆயில் எங்காவது கசிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஓரளவு ஒழுங்காக வைத்திருந்த பழைய டீசல் இன்ஜின் லேசில் படுக்காது. அது நடுக்கடலில் நின்றுபோனால், பெரும்பாலும் கோளாறு இன்ஜினுக்கு வந்து சேர வேண்டிய டீசலில்தான் இருக்கும். அதனால் என்னைக் கேட்டால், ஃபில்டருக்கு அடியில் தொங்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள் என்பேன்.

டீசல் இன்ஜினுக்கு எரிபொருள் விஷயத்தில் ஏன் இவ்வளவு ஆசாரம்? அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கும்போது காற்றே 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிவிடுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோலத் தெளித்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அப்படித் தெளிக்கப் பெரிய அழுத்தம் வேண்டும். பழைய இன்ஜின்களில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறப்பதற்கே சுமார் 150 முதல் 250 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல இருநூறு மடங்கு தேவைப்படும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய காமன் ரெயில் இன்ஜின்களில் இது ஆயிரத்தைத் தாண்டும்.

இந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்புக்குள் ஒரு உலோகத் தண்டு ஒரு குழலுக்குள் ஏறி இறங்குகிறது. இடையில் ரப்பர் வளையம் எதுவும் இல்லை. தண்டுக்கும் குழலுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். அந்த நெருக்கமே டீசல் பின்னால் ஒழுகாமல் தடுக்கிறது. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான், வெறும் கண்ணுக்குத் தெரியும் மிகச்சிறிய துகள் சுமார் 40 மைக்ரான். ஆக, பம்பைக் கெடுக்கும் தூசியை நாம் பார்க்கவே முடியாது. ராபர்ட் போஷ் நிறுவனம் 1927-இல் இப்படிப்பட்ட பம்புகளைத் தொடர் உற்பத்தியில் இறக்கிய பிறகுதான் டீசல் இன்ஜின் சிறிய வண்டிகளுக்குள் நுழைய முடிந்தது. சுத்தமான டீசல் வேண்டும் என்ற கட்டாயமும் அதோடு கூடவே வந்தது.

தண்ணீர் வந்தால் இன்னும் மோசம். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு எண்ணெய் டீசலேதான். அந்த இடத்தில் தண்ணீர் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும், படகு சும்மா நிற்கும் மாதங்களில் துருவும் பிடிக்கும்.

இதற்காகத்தான் படகில் இரண்டு ஃபில்டர்கள். டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே முதல் ஃபில்டர், பெரும்பாலும் 10 அல்லது 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை நிறுத்துவது. இன்ஜினிலேயே பொருத்தியிருப்பது இரண்டாவது, அதைவிட நுணுக்கமானது. படகுகளில் அதிகம் காணப்படும் ரேகோர் நிறுவன ஃபில்டர்களில் நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம்: சிவப்பு 30, நீலம் 10, பழுப்பு 2. முந்தைய உரிமையாளர் முதல் இடத்திலேயே பழுப்பைப் போட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். எல்லாக் குப்பையையும் ஒரே காகிதம் சுமப்பதால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சலிப்பதைப் படிப்படியாகச் செய்வதே நல்லது.

முதல் ஃபில்டரின் முக்கிய வேலை தண்ணீரைப் பிரிப்பது. உள்ளே வரும் டீசலை அது சுழற்றிவிடும். டீசலைவிடக் கனமான தண்ணீர்த் துளிகள் ஓரம் ஒதுங்கிக் கிண்ணத்தில் இறங்கும். தப்பிய சிறு துளிகள் தண்ணீர் ஒட்டாத காகிதத்தின்மேல் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி விழும்.

தண்ணீர்தான் கனமாயிற்றே, டேங்கின் அடியிலேயே தங்கிவிடாதா, தனியாக ஒரு ஃபில்டர் எதற்கு என்று கேட்கலாம். தங்கும், ஆனால் துளியின் அளவைப் பொறுத்து. ஒரு துளி கீழே இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பது ஸ்டோக்ஸ் விதி. கணக்குப் போட்டால், டீசலில் 100 மைக்ரான் துளி மணிக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கும். 10 மைக்ரான் துளி அதில் நூறில் ஒரு பங்கு, மணிக்கு ஒரு சென்டிமீட்டர்தான். அரை மீட்டர் ஆழமுள்ள டேங்கில் அது அடியைத் தொட இரண்டு நாளாகும், அதுவும் படகு ஆடாமல் நின்றால்.

நிற்கும் படகின் டீசல் தெளிவாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். துறையில் மாதக்கணக்கில் கட்டிக்கிடந்த படகின் டேங்கில் எல்லாம் கீழே படிந்திருக்கும். மேலே இருக்கும் டீசல் பளிச்சென்று இருக்கும். படகு வாங்கியவர் அமைதியான நீரில் ஓட்டிப் பார்ப்பார், ஒரு குறையும் இருக்காது. ஒருநாள் கடல் எழும்பும். டேங்குக்குள் பல வருடத்து வண்டல் கலங்கி உறிஞ்சு குழாயின் வாய்க்கு வரும். சில நிமிடங்களில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது நிற்பதற்குக் காரணம் துரதிர்ஷ்டம் இல்லை. அலைதான் டேங்கைக் கலக்குகிறது, அலை இருக்கும்போதுதான் இன்ஜினும் வேண்டியிருக்கிறது.

அந்த வண்டலில் துரு இருக்கும், பழைய டீசல் காற்றோடு வினைபுரிந்து உண்டாகும் பிசின் இருக்கும், அப்புறம் உயிருள்ள ஒன்றும் இருக்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். தண்ணீரில் குடியிருந்துகொண்டு டீசலைத் தின்பவை இவை. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர்போனது. விமான எரிபொருள் டேங்குகளையும் அது விட்டுவைக்கவில்லை. கறுப்பாக, வழவழவென்று, சளிபோல இருக்கும். பயோடீசல் கலந்த எரிபொருள் தண்ணீரை அதிகம் பிடித்துவைப்பதால் இவற்றுக்கு இன்னும் வசதி. ஐரோப்பாவின் இஎன் 590 தர டீசலில் பயோடீசல் 7 சதவீதம் வரை இருக்கலாம். கொல்லும் மருந்து கிடைக்கிறது. ஆனால் நிறைய வளர்ந்த டேங்கில் மருந்தை ஊற்றினால் செத்த கூட்டம் மொத்தமும் பெயர்ந்து ஃபில்டருக்குத்தான் வரும். முதலில் தண்ணீரை எடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் அவற்றால் வாழ முடியாது. மேல்தளத்து டீசல் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். மழையும் அலையும் உள்ளே இறங்க அது ஒன்றே போதும்.

ஃபில்டர் அடைக்கும்போது இன்ஜின் உடனே நிற்காது. சும்மா ஓடும்போது டீசல் கொஞ்சம்தான் தேவை, அதனால் ஒன்றும் தெரியாது. முழு வேகம் கொடுத்தால் சுற்று ஏறி, பிறகு மெல்லத் தளரும். வேகத்தைக் குறைத்தால் மறுபடி சரியாகிவிடும். இந்த அறிகுறிக்குக் காத்திராமல், முதல் ஃபில்டருக்கும், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் ஃபீட் பம்புக்கும் இடையில், உறிஞ்சும் இழுப்பை அளக்கும் ஒரு வெற்றிட மானி மாட்டுவது நல்லது. விலை உயர்ந்த சாமான் இல்லை. புது ஃபில்டரில் முழு வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது ஏற ஏற ஃபில்டர் நிறைகிறது என்று அர்த்தம். அடிக்கடி மாற்றினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். ஓரளவு அழுக்கேறிய காகிதம் புதியதைவிட நுணுக்கமாகச் சலிக்கும். திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றும் தூசியும் நுழைய வாய்ப்புண்டு. மானியைப் பார்த்து மாற்றலாம், எப்படியும் வருடத்துக்கு ஒருமுறை.

மாற்றும் வேலை எளிது: டேங்க் வால்வை மூடி, கிண்ணத்தை வடித்து, பழையதை எடுத்துப் புதியதைப் போட வேண்டும். பழைய ஓ-ரிங் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் கண்டிப்பாகக் கசியும். முதல் ஃபில்டர் ஃபீட் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால் அங்கே கசிவு என்றால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழாயில் இளநீர் குடிப்பதுபோலத்தான். தரையெல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும், இன்ஜின் மட்டும் திணறும்.

காற்று நுழைந்தால் பழைய இன்ஜின் அடம்பிடிக்கும். காற்று நசுங்கிக்கொடுக்கும், பம்பு எவ்வளவு தள்ளினாலும் இன்ஜெக்டரைத் திறக்கும் அழுத்தம் வராது. ஏர் எடுக்க வேண்டும். இரண்டாவது ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழில்லாத டீசல் வரும். அப்போது திருகை இறுக்குங்கள். கைப்பிடி தொளதொளவென்று வேலையே செய்யாததுபோல இருந்தால் பம்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே அந்தப் பம்பை அசைக்கும் கேம் என்ற சுழலும் உறுப்பு, தன் மேட்டுப் பக்கத்தில் நின்றிருக்கும். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் கைப்பிடி பிடித்துக்கொள்ளும். அதற்கும் மசியாத பழைய இன்ஜினில்தான் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டியிருக்கும். காமன் ரெயிலில் அதைத் தொடவே கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும். புகைக்குழாயில் கடல்நீர் கலக்கும் படகென்றால், நெடுநேரம் சுற்றும்போது கடல்நீர் வால்வை மூடிவையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் மஃப்ளரில் (சைலன்சரில்) நிறைந்து இன்ஜினுக்குள்ளேயே திரும்பிவிடும். இன்ஜின் பிடித்தவுடன் வால்வைத் திறக்க மறக்கக் கூடாது.

சரி, வாங்கப் போகும் இடத்தில் என்ன பார்ப்பது? கிண்ணத்துக்கு மேலே பளபளக்கும் புது ஃபில்டர் ஒன்றுமே சொல்லாது, விற்பதற்காக நேற்று மாற்றியிருக்கலாம். பழையது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதைப் பிளந்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள்: சீரான பழுப்பு என்றால் வழக்கமான அழுக்கு, செம்மண்போல என்றால் டேங்கில் துரு, கறுப்புச் சளி என்றால் உயிரினம். டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் டீசல் எடுத்து அரை மணி நேரம் வெளிச்சத்தில் வைத்து, அடியில் தண்ணீரோ வண்டலோ தங்குகிறதா என்று பாருங்கள். சோதனை ஓட்டத்தில் இருபது நிமிடமாவது முழு வேகத்தில் போகச் சொல்லுங்கள். கடைசியாக, டேங்கின் மேல் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பல பழைய படகுகளில் இருக்காது. தளத்தை அறுத்தோ இன்ஜினை நகர்த்தியோதான் டேங்கை அடைய முடியும். அப்படியென்றால் அந்தச் செலவைக் கணக்கில் வைத்துத்தான் விலை பேச வேண்டும்.