பத்துப் பன்றி வளர்ப்பவருக்கு ஏற்றது மானியமா, தீவனக் கடனா?

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, செக்கானூரணி, மேலூர்ப் பக்கம் வெண்பன்றி வளர்க்கிறவர்கள் அரசுத் திட்டம் ஏதாவது உண்டா என்று விசாரித்தால் முதலில் காதில் விழுவது "அம்பது பர்சென்ட் மானியம்" என்கிற பேச்சுதான். மானியம் இருப்பது உண்மை. ஆனால் வீட்டுக் கொல்லையில் பத்துக் குட்டி வாங்கிக் கொழுக்க வைத்து விற்கிறவருக்கு அது எட்டாது. அவருக்கு எட்டக்கூடியது கிசான் கிரெடிட் கார்டு, அதாவது குறைந்த வட்டியில் வங்கி தரும் விவசாயக் கடன் அட்டை. அதைப் பற்றித்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

மானியத்தை முதலில் பார்த்துவிடலாம். மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில் பன்றிப் பண்ணைக்கு மூலதனச் செலவில் பாதி மானியம். 50 பெண் பன்றியும் 5 ஆண் பன்றியும் கொண்ட பண்ணைக்கு 15 லட்சம் ரூபாய் வரை, 100 பெண்ணும் 10 ஆணும் என்றால் 30 லட்சம் வரை கிடைக்கும். மீதியை வங்கிக் கடனாகவோ கைப்பணமாகவோ போட வேண்டும். இடம் வாங்கவும் குத்தகை கொடுக்கவும் இந்த மானியத்தைப் பயன்படுத்த முடியாது. பணமும் இரண்டு தவணையாகத்தான் வரும். இது குட்டி உற்பத்தி செய்கிற பெரிய பண்ணைக்கான திட்டம். உங்களுக்குக் குட்டி விற்பவருக்கு வேண்டுமானால் பொருந்தும். இதற்காக யாரிடமும் முன்பணம் கொடுத்து ஏமாந்துவிட வேண்டாம். விண்ணப்பம் இணையத்தில்தான், இடைத்தரகருக்கு இதில் வேலையே இல்லை.

சரி, சின்ன வளர்ப்பாளருக்கு உண்மையில் எங்கே பணம் முடங்குகிறது? தீவனத்தில். பன்றி வளர்ப்பில் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தீவனம்தான். பால் மறந்த 12 கிலோ குட்டியை 80 கிலோவுக்குக் கொண்டுவர 68 கிலோ எடை ஏற வேண்டும். ஒரு கிலோ எடை ஏற மூன்றரை கிலோ அடர் தீவனம் என்று வைத்தால் ஒரு பன்றிக்கு 238 கிலோ. மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், தாது உப்பு எல்லாம் கலந்து கிலோ 30 ரூபாய் விழுகிறது என்று கொண்டால் ஒரு பன்றிக்கு 7,140 ரூபாய். பத்துக்கு எழுபதாயிரத்துக்கு மேல். ஆறேழு மாதம் கழித்து விற்றால்தான் இந்தப் பணம் திரும்ப வரும்.

அந்த எழுபதாயிரத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,100. ஆறு மாதத்தில் 12,600 ரூபாய் வட்டியாக மட்டும் போகும். கிட்டத்தட்ட இரண்டு பன்றியின் தீவனச் செலவு அது. கிசான் கிரெடிட் கார்டில் இதே பணத்துக்கு 7 சதவீத வட்டியில் ஆறு மாதத்துக்கு 2,450 ரூபாய். கெடு தவறாமல் கட்டினால் மேலும் 3 சதவீதம் தள்ளுபடி. அப்போது 1,400 ரூபாயில் முடிந்துவிடும். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்துதான் வட்டி என்பதால், மாதாமாதம் தீவனம் வாங்கும்போது மட்டும் எடுத்தால் இன்னும் குறையும்.

பயிர்க் கடனுக்கு மட்டும் இருந்த இந்த அட்டையை 2018-19 மத்திய பட்ஜெட்டில் கால்நடை, மீன் வளர்ப்புக்கும் விரித்தார்கள். ரிசர்வ் வங்கியின் விதியில் ஆடு, பன்றி, கோழி, முயல் எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன. தீவனம், மருத்துவம், கூலி, தண்ணீர், மின்சாரம் ஆகிய நடப்புச் செலவுகளுக்குக் கடன் தரலாம். ஒரு பன்றிக்கு எவ்வளவு என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு வகுத்து வைத்திருக்கும். அந்தத் தொகையை உங்கள் எண்ணிக்கையால் பெருக்கி வங்கி வரம்பு போடும். கால்நடைக்கு மட்டும் வாங்கும் கடனில் 2 லட்சம் வரை இந்த வட்டிச் சலுகை உண்டு. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது.

பலர் வங்கி வாசலிலேயே திரும்பி வந்துவிடுவது "பட்டா இருக்கா?" என்ற கேள்விக்கு. நிலம் இல்லாதவர்தான் பெரும்பாலும் பன்றி வளர்க்கிறார், அவரிடம் போய்ப் பட்டா கேட்டால் என்ன செய்வார்? இந்தக் கடனுக்கு நிலம் தேவையில்லை. விதி கேட்பது கொட்டிலைத்தான். அது சொந்தமாக இருக்கலாம், வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்ததாகவும் இருக்கலாம். தனியாளாகவும் போகலாம், சுய உதவிக் குழுவாகவும் போகலாம். அடுத்தவர் இடத்தில் கொட்டில் போட்டிருந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், புகைப்படம், வங்கிப் புத்தகம், இத்தனை பன்றி இருக்கிறது என்று உள்ளூர் கால்நடை உதவி மருத்துவர் எழுதித் தரும் சான்று ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டுபோனால் பேச்சு சுலபமாக முடியும். பக்கத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் கேளுங்கள். வட்டியை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

தாழ்த்தப்பட்ட, பழங்குடியின வளர்ப்பாளர்கள் தாட்கோவையும் (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) விட்டுவிட வேண்டாம். அங்கே புதுத் தொழிலுக்குத் திட்டத் தொகையில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் வரை மானியம் உண்டு. கொட்டில் கட்ட அது, தீவனத்துக்குக் கிசான் அட்டை என்று பிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், தீவனச் செலவைக் குறைக்கப் பன்றிக்குப் போடும் ஓட்டல் மிச்சம். மதுரையில் கல்யாண மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் பஞ்சமில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கொல்லைப்புறத்தில் நீல டிரம்மை லோடு ஆட்டோவில் ஏற்றுகிறவர்களைப் பார்க்கலாம். சோறு, சாம்பார், எலும்பு, எச்சில் இலை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், பல்குச்சி, ஊறுகாய்ப் பொட்டலம். கவரும் குச்சியும் குடலில் சிக்கும். உப்பு மிஞ்சினால் பன்றிக்கு வலிப்பே வரும். கவரையும் குச்சியையும் பொறுக்கியெடுத்துவிட்டு, பாதியாக வெட்டிய டிரம்மில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவிட்டுத்தான் போட வேண்டும். இதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மிச்சச் சோறு மட்டும் போட்டால் வயிறு பெருக்கும், எடை ஏறாது. கொஞ்சம் புண்ணாக்கும் தாது உப்பும் சேர்க்க வேண்டும்.

கொதிக்க வைக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் முதலில் கண்டறியப்பட்டது. 2023-இல் நம் முதுமலையிலேயே காட்டுப்பன்றிகளில் உறுதியானது. மனிதருக்கு ஒட்டாது. ஆனால் பன்றிக்கு வந்தால் சிகிச்சை இல்லை, கொட்டிலே காலியாகிவிடும். பன்றி இறைச்சித் துண்டுகள் வேகாமல் மிச்சச் சாப்பாட்டில் வந்தால் அதன் வழியாகவே கிருமி வந்து சேரும். இரண்டு மூன்று பன்றி சேர்ந்து சுருண்டு படுத்தால், தீவனம் தொடாமல் காய்ச்சல் அடித்தால், உடனே 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலே தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. இழப்பீடு என்பது அரசு உத்தரவுப்படி அழிக்கப்படும் பன்றிக்குத்தான். மறைத்துவைத்து அது தானாகச் செத்தால் கையில் ஒன்றும் வராது. சத்தமில்லாமல் விற்றால் பக்கத்து ஊரையும் சேர்த்துக் கெடுத்ததாகும்.

கடன் வாங்கும்போதே காப்பீடும் போட்டுவிடுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் இப்போது பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டுமே வளர்ப்பவர் கட்ட வேண்டியது. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். காதில் போடும் எண் வில்லைதான் அடையாளம், அது விழுந்துவிட்டால் உடனே சொல்லி மாற்ற வேண்டும்.

கிசான் அட்டைக்கு விண்ணப்பம் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முழுமையான விண்ணப்பத்துக்கு இரண்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தல் இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மதுரை மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி, அதாவது மாவட்டத்தில் வங்கிகளின் கடன் வேலையை ஒருங்கிணைக்கும் வங்கி, கனரா வங்கி. அதன் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுக்கலாம். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.